திரும்பி வந்தவர் தோற்றவரா?



வியாபாரிகளாகிய நாம் எதையும் வரவு செலவுக் கணக்கில் வைத்துப் பார்த்துப் பழகியவர்கள். ஒரு காரியம் முடிந்த பிறகு, அதனால் கைக்கு வந்தது எவ்வளவு, கையை விட்டுப் போனது எவ்வளவு என்று கூட்டிக் கழித்துப் பார்ப்போம். வந்தது மிகுந்தால் செய்தவர் கெட்டிக்காரர் என்போம். போனது மிகுந்தால் யோசனையில்லாதவர் என்போம். பேரேட்டுக்கு இந்த வழக்கம் பொருத்தமே. ஆனால் மனிதர் செய்யும் தீர்மானங்களையெல்லாம் இந்த ஒரே தராசில் நிறுத்துவிடலாமா? பலன் நன்றாக அமைந்தால் தீர்மானமும் நல்லது, பலன் வீணானால் தீர்மானமும் தவறு என்று சொல்லிவிடலாமா? இதுவே நாம் இங்கே ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

இது பெரிய படிப்பாளிகளுக்குரிய தர்க்கம், கடைக்காரருக்கு இதில் என்ன வேலை என்று யாரும் எண்ண வேண்டாம். மலையருவி ஒன்றைப் பார்க்கப் போய், அதைப் பாராமலே திரும்பி வந்த ஒரு கூட்டத்தாரின் நடுவில் எழுந்த வழக்கு இது. தேத்தண்ணிக் கடையில் ஒரு வாரம் பேசப்பட்டது. ஆண்டுகள் சில கழிந்தும் இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆகவே அதைச் சபையோர் முன் வைக்கிறோம்.

கோலாலம்பூருக்கு வடக்கே கோல குபு பாரு என்னும் ஊர் இருக்கிறது. அங்கிருந்து பிரேசர் மலைக்கு ஏறும் பாதையில், சிலாங்கூர் ஆற்று அணைக்கட்டின் நீர்த்தேக்கத்தைக் கடந்து போனால் சிலிங் ஆறு வரும். கெலா மீன்களுக்காக மீன்வளத் துறையார் பாதுகாத்து வரும் ஆறு அது. அதன் மேற்பகுதியில், காட்டுக்குள், ஏறத்தாழ 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது சிலிங் அருவி. வண்டியை நிறுத்திவிட்டு நடக்கத் தொடங்கினால், நம்மைப் போன்ற நடுவயதினருக்கு ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். இடையில் ஐந்தாறு இடங்களில் ஆற்றில் இறங்கிக் குறுக்கே கடக்க வேண்டும். அவ்விடங்களில் பாலம் கிடையாது. தண்ணீர் சில இடங்களில் முழங்கால் வரை, சில இடங்களில் தொடை வரை இருக்கும். அடியில் கிடக்கும் கற்களில் பாசி வழுக்கும்.

காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் இரவில் கடையடைக்கும்வரை எழாத நம்மவர்களுக்கு இந்த நடை இலேசானதன்று. ஏப்ரல், மே மாதத்துப் புழுக்கத்தில் மர நிழலில் நடந்தாலும் சட்டை பிழிகிற அளவுக்கு வேர்க்கும். காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் அந்த வேர்வை உலராது. உடம்பின் சூடும் தணியாது. நிமிஷத்துக்கொரு தரம் தண்ணீர் கேட்கும் தொண்டை. வேர்கள் காலைத் தட்டும். அட்டைகள் காலணிக்குள் புகும். இருந்தாலும், நம் கடைகளில் மலிவாக விற்கும் கறுப்பு ரப்பர் காலணியை, அதாவது ‘அடிடாஸ் கம்போங்’ என்று எல்லாரும் விளையாட்டாய் அழைக்கும் காலணியை மாட்டிக்கொண்டு நம் பிள்ளைகள் ஞாயிறுதோறும் மலைக்குக் கிளம்புகிறார்கள். கிளம்பட்டும், நல்லதே. சிரமப்பட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு, குளிர்ந்த சாரல் முகத்தில் படும்போது உண்டாகும் சந்தோஷம் காசு கொடுத்து வாங்கக் கூடியதன்று.

நிற்க. இந்த ஆறுகளில் ஓர் ஆபத்து இருக்கிறது. மலாய்க்காரர்கள் அதைக் ‘கெப்பாலா ஆயர்’ என்பார்கள். நாம் நிற்கும் இடத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கலாம். மேலே மலைமுகட்டில் மட்டும் மழை கொட்டும். செங்குத்தான சரிவிலிருந்து அந்தத் தண்ணீர் முழுவதும் ஒரு குறுகிய ஆற்றுக்குள் இறங்கும். சில சமயம் முறிந்த மரங்களும் கிளைகளும் ஆற்றை அடைத்துத் தற்காலிக அணைபோல் நின்று, பிறகு ஒரேயடியாக உடையும். தண்ணீர் திடீரென்று கலங்குவதும், இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வருவதும், மேலிருந்து இரைச்சல் கேட்பதும் அதன் அடையாளங்கள். அடையாளம் கண்ட பிறகு கிடைக்கும் அவகாசமோ சில நிமிஷங்களே. தண்ணீரின் வேகம் இரு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் பலம் நான்கு மடங்காகும். முழங்கால் அளவுத் தண்ணீர்கூட வேகமாக வந்தால் வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும். மேற்குக் கரையில் பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் பெரும்பாலும் பிற்பகலில்தான் இடியும் மழையும் வரும். சிலிங் போன்ற இடத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஐந்தாறு தடவை ஆற்றைக் கடந்து போனவர், அதே ஐந்தாறு தடவை கடந்துதான் திரும்ப வேண்டும். ஒரு துறையில் தண்ணீர் ஏறிவிட்டாலும் வழி அடைபட்டது.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம்மவர்கள் பதினான்கு பேர் ஒரு வேனில் அங்கே சென்றோம். கடைக்காரர்கள் நால்வர், கடைத் தம்பிகள் சிலர், மீதிப் பேர் பிள்ளைகள். அவர்களுள் இளையவனுக்கு வயது பதின்மூன்று. துணிக்கடை வைத்திருக்கும் மூத்தவர் ஒருவர், எல்லாரும் நானா என்று அழைப்பவர், அன்றைக்கு வழிநடத்த ஒப்புக்கொண்டார். வண்டி நிறுத்திய இடத்திலேயே அவர் இரண்டு விஷயங்கள் சொன்னார். “ஒரு மணிக்குள் அருவிக்குப் போய்ச் சேரவில்லையென்றால், நின்ற இடத்திலிருந்து திரும்பிவிட வேண்டும். தண்ணீர் நிறம் மாறினாலும், மேலே மலை கறுத்து இடி கேட்டாலும் மணி பார்க்க வேண்டியதில்லை, உடனே திரும்ப வேண்டும்” என்றார். எல்லாரும் தலையசைத்தார்கள்.

வேன் வந்து சேர்ந்ததே தாமதம். முதல் துறையின் மடுவில் பிள்ளைகள் நீந்தியதில் ஒரு மணி நேரம் போயிற்று. நான்காவது துறையைக் கடந்து கரையேறியபோது மணி பன்னிரண்டே முக்கால். மேலே மலைமுகடு கரும்பலகை போல் கறுத்திருந்தது. ஒரு தடவை இடி உருண்டது. நானா நின்றுவிட்டார். “தம்பிகளா, போதும். திரும்புவோம்” என்றார்.

“நானா! அருவிச் சத்தமே கேட்கிறதே! இன்னும் கொஞ்ச தூரந்தானே!” என்றான் ஒருவன்.

“கேட்கிறது தம்பி. எனக்கும் ஆசைதான். திரும்பு” என்றார் அவர்.

திரும்பினோம். வண்டி நின்ற இடத்துக்கு வந்து ளுஹர் தொழுதோம். அருவியடியில் உட்கார்ந்து சாப்பிட வைத்திருந்த நாசி லெமாக் பொட்டலங்களை வேனின் நிழலில் பிரித்தோம். மூன்று மணிக்கு மேகம் கலைந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு துளி மழையும் இல்லை; ஆறும் காலையில் பார்த்தது போலவே தெளிவாக ஓடிற்று. நாலு மணிக்கு, வழியில் நம்மைத் தாண்டி மேலே போன வாலிபர் கூட்டம் ஒன்று சிரித்துக்கொண்டு இறங்கி வந்தது. அருவியில் குளித்ததையும் கைபேசியில் எடுத்த படங்களையும் அவர்கள் காட்டினார்கள். நம் பிள்ளைகளின் முகங்கள் வாடின.

அன்று தொடங்கியதுதான் வழக்கு. அவர்கள் சொன்ன குறைகள் நான்கு. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதற்குறை, மழை பெய்யவில்லை என்பது. பெய்யாத மழைக்குப் பயந்து திரும்பியது தவறு என்றார்கள். இங்கேதான் நாம் மேலே கேட்ட கேள்வி வருகிறது. பன்னிரண்டே முக்கால் மணிக்கு நானாவுக்குத் தெரிந்தது என்ன? மலை கறுத்திருக்கிறது, இடி கேட்கிறது, பிற்பகல் நெருங்குகிறது, நான்கு துறைகள் நமக்குப் பின்னால் இருக்கின்றன, பதின்மூன்று வயதுப் பிள்ளை கூட இருக்கிறான். மூன்று மணிக்கு வெயில் அடிக்கும் என்பது அவருக்குத் தெரியாது, எவருக்குந்தான் தெரியாது. தீர்மானம் பன்னிரண்டே முக்காலுக்குச் செய்யப்பட்டது. அதை மூன்று மணிக்குக் கிடைத்த செய்தியைக் கொண்டு விசாரிப்பது நியாயமா?

நம் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் சொல்வோம். ஒரு வியாபாரி, பத்து வருஷமாகத் தவணை தவறாத வாடிக்கையாளருக்கு, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஐயாயிரம் வெள்ளிச் சரக்கைக் கடனாகக் கொடுக்கிறார். அந்த வாடிக்கையாளரின் கடை வெள்ளத்தில் போய்விடுகிறது, கடன் வரவில்லை. மற்றொரு வியாபாரி, பேருந்து நிலையத்தில் முதல் தடவையாகப் பார்த்த ஒருவருக்கு, சீட்டுமில்லாமல் சாட்சியுமில்லாமல் ஐயாயிரம் வெள்ளிச் சரக்கைக் கொடுக்கிறார். அந்த மனிதர் நல்லவராயிருந்து மறுவாரமே பணத்தைக் கொண்டுவந்து தருகிறார். பேரேட்டைப் பார்த்தால் முதலாமவருக்கு நஷ்டம், இரண்டாமவருக்கு லாபம். ஆனால் நம்மில் ஒருவர் கூட்டு வியாபாரம் தொடங்கினால் இவ்விருவரில் யாரைக் கூட்டுச் சேர்ப்போம்? தயங்காமல் முதலாமவரையே சேர்ப்போம். ஏனென்றால் நல்ல தீர்மானத்துக்குக் கெட்ட பலனும், கெட்ட தீர்மானத்துக்கு நல்ல பலனும் சில நேரம் வாய்க்கும் என்பது நமக்குத் தெரியும். கடையில் தெரிந்த இந்த உண்மையைக் காட்டில் மட்டும் மறப்பானேன்?

இரண்டாவது குறை, மற்றவர்கள் போய் வந்தார்களே என்பது. அவர்கள் தப்பி வந்தது அல்லாஹ்வின் கிருபை, நமக்கும் சந்தோஷமே. ஆனால் தப்பியதைத் தெரிந்து செய்ததாக எண்ணிக்கொள்வது வேறு விஷயம். கறுத்த மலையின் கீழே துறைகளைக் கடந்து போன அந்த வாலிபர்கள் அன்றைக்கு ஒரு பாடம் படித்தார்கள்: மலை கறுத்தாலும் ஒன்றும் நடக்காது என்னும் பாடம். அது பொய்ப்பாடம். அடுத்த தடவை மலை கறுக்கும்போது அவர்கள் இன்னும் தைரியமாய் மேலே போவார்கள். சீட்டில்லாமல் கடன் கொடுத்து ஒரு தடவை திரும்பப் பெற்றவர், இரண்டாந்தடவை இன்னும் பெரிய தொகையைக் கொடுப்பதில்லையா? அதிர்ஷ்டத்தின் தீங்கு இதுவே. அது நம்மைக் கெடுக்காமல் விட்ட நாளிலேயே, பின்னால் கெடுவதற்கான வழியைக் கற்றுக் கொடுத்துவிட்டுப் போகிறது.

2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் தேதி கெடா மாநிலத்தில் குனோங் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய வெள்ளத்தை நாமெல்லாரும் படங்களில் பார்த்தோம். மலையில் பெய்த கனமழை, பாறைகளையும் வேரோடு பெயர்ந்த மரங்களையும் அடித்துக்கொண்டு யான் வட்டாரத்தில் பாய்ந்தது. வீடுகள் சேதமாயின, உயிர்கள் போயின. அந்த மலையின் அருவிகளிலும் நீரோடைகளிலும் அதற்கு முன் எத்தனையோ ஆயிரம் பேர் ஒரு கெடுதியுமின்றிக் குளித்து வந்திருப்பார்கள். நேற்றுவரை ஒன்றும் நடக்கவில்லை என்பது இன்றைக்கு முறிச்சீட்டு ஆகாது.

மூன்றாவது குறை பணத்தைப் பற்றியது. வேன் வாடகை கொடுத்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விட்டாயிற்று, இரண்டு மணி நேரம் வேர்வை சிந்தியாயிற்று, இவ்வளவும் வீணாகலாமா என்று கேட்டார்கள். சகோதரர்களே, போன காசு மேலே போனாலும் வராது, திரும்பினாலும் வராது. எப்படியும் வராத ஒன்றுக்கு, இனிமேல் என்ன செய்வது என்னும் ஆலோசனையில் ஓர் இடம் கொடுக்கலாமா? ஆயினும் மனித மனம் அப்படித்தான் வேலை செய்கிறது. ஒரு மூலையில் கடை பிடித்து, முன்பணம் கொடுத்து, அலமாரி அடித்து, மூன்று வருஷம் வியாபாரமே நடக்காமலிருந்தும், போட்ட முதல் வீணாகிவிடுமே என்று நான்காவது வருஷமும் முதல் போட்டு, ஊரிலுள்ள நிலத்தையும் விற்றவர்களை நாம் அறிவோம். போட்ட முதலைக் காப்பாற்றப் போய், போடாத முதலையும் இழந்தார்கள்.

இதற்கு மாறான உதாரணம் நாம் சென்ற வழியிலேயே இருக்கிறது. கோல குபு பாரு என்றால் புதிய கோல குபு என்று பொருள். பழைய கோல குபு அதன் அருகிலேயே தாழ்ந்த இடத்தில் இருந்தது. 1883ஆம் ஆண்டு அக்டோபரில் அங்கிருந்த அணை உடைந்து, மாவட்ட அதிகாரி உள்ளிட்டோர் மாண்டனர். ‘உடைந்த அணை’ என்று பொருள்படும் அம்பாங் பெச்சா என்னும் பெயர் இன்றும் அவ்விடத்துக்கு வழங்குகிறது. பின்னர், ஈய லம்பங்களிலிருந்து வந்த வண்டல் ஆற்றின் படுகையை உயர்த்த, வெள்ளம் மறுபடி மறுபடி ஊருக்குள் வந்தது. கடைசியில் 1920களில், ஊரையே மேட்டு நிலத்துக்கு மாற்றுவதென்று தீர்மானித்தார்கள். சார்லஸ் ரீட் என்னும் நகரமைப்பாளர் புதிய ஊருக்கு வரைபடம் போட்டார். பழைய ஊரில் கடை கட்டியிருந்தவர்களின் மனநிலையைக் கடைக்காரர்களாகிய நாம் எண்ணிப் பார்க்கலாம். சுவர் எழுப்பிய செலவு, பெயர் வாங்கிய இடம், வாடிக்கை, எல்லாவற்றையும் விட்டு மேட்டுக்குப் போவது எவ்வளவு கசந்திருக்கும்! ஆனால் போனார்கள். ஓர் ஊரே திரும்பி நடந்தது என்று சொல்லலாம். இன்று நாம் தேத்தண்ணி குடிக்க இறங்குவது அந்தப் புதிய ஊரில்தான்.

நான்காவது குறை, விதியைப் பற்றியது. நடப்பது விதித்தபடியே நடக்கும்போது நாம் ஏன் திரும்ப வேண்டும் என்றார் ஒருவர். இதற்கு நாம் சொந்தமாக மறுமொழி தேட வேண்டியதில்லை. ஏறத்தாழ 639ஆம் ஆண்டில், கலீபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் பயணப்பட்டு, சர்க் என்னும் இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதைக் கேள்வியுற்றார்கள். ஆலோசனை கலந்தார்கள். போகலாம் என்றவரும் உண்டு, திரும்பலாம் என்றவரும் உண்டு. இறுதியில் திரும்புவதென்று தீர்மானித்தார்கள். இறைவனின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டதும், ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியின்பால் போகிறோம் என்னும் கருத்தில் உமர் (ரலி) அவர்கள் விடையளித்ததும் மதரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்குத் தெரியும். மேலே ஏறுவது விதியென்றால், திரும்பி இறங்குவதும் விதிதானே!

நான்கு குறைகளுக்கும் சமாதானம் சொல்லிவிட்டோம் என்பதற்காக, திரும்புவதே எப்போதும் மேல் என்று நாம் வாதிப்பதாக நினைக்க வேண்டாம். மேகத்தைக் கண்டபோதெல்லாம் திரும்புகிறவர் ஓர் அருவியையும் பார்க்கமாட்டார். நஷ்டம் வருமோ என்று ஒவ்வொரு சரக்குக்கும் அஞ்சுகிறவர் கடையே திறக்கமாட்டார். நம் பாட்டன்மார் அலைக்கு அஞ்சியிருந்தால் நாம் இந்தக் கரையில் இருக்கமாட்டோம். கோழைத்தனத்துக்கு ஜாக்கிரதை என்று பெயரிட்டுக்கொள்வதும் உலகத்தில் உண்டு. அப்படியானால் இரண்டையும் பிரித்தறிவது எப்படி?

மூன்று கேள்விகள் போதுமென்று நமக்குத் தோன்றுகிறது. முதலாவது, இழந்தால் மீளக்கூடியதா? அருவி ஓடிப்போவதில்லை. அதே ஆண்டு ஜூலையில், அன்று திரும்பியவர்களில் பாதிப் பேர் விடியற்காலையில் புறப்பட்டு, வழியில் எங்கும் நிற்காமல், பத்தரை மணிக்கே அருவியடியில் நின்றார்கள். திரும்பியதால் வந்த நஷ்டம் மூன்று மாதத்தில் ஈடாயிற்று. ஆறு ஓர் ஆளைக் கொண்டுபோயிருந்தால் அதை ஈடுசெய்ய எத்தனை ஜூலை வேண்டும்? மீளக்கூடிய நஷ்டத்துக்குத் துணியலாம்; மீளாத நஷ்டத்துக்கு ஒரு தடவைகூடத் துணியலாகாது.

இரண்டாவது, இழப்பது யாருடையது? தன் முதலைப் போட்டுத் துணிகிறவரைத் தைரியசாலி என்போம். பிறர் ஒப்படைத்த பணத்தைப் போட்டுத் துணிகிறவரை வேறு பெயரால் அழைப்போம். அன்று நானாவின் பின்னே நடந்த பிள்ளைகள் அவருடைய பிள்ளைகளல்லர். பெற்றோர் அவரை நம்பி அனுப்பினார்கள். அவர்கள் அமானத்து. அமானத்தை வைத்துக்கொண்டிருப்பவருக்குத் தம் ஆசைப்படி துணிய உரிமையில்லை. அவர் தனியாகப் போயிருந்தால் மேலே ஏறியிருப்பாரோ என்னவோ, அது அவர் பாடு.

மூன்றாவது, திரும்பும் எல்லையை முன்னரே குறித்ததுண்டா? இது மிக முக்கியம். காலையில், வண்டி நின்ற இடத்தில், ஆசையும் களைப்பும் ஏறாத வேளையில் நானா ஒரு மணி என்று குறித்தார். இடி கேட்டால் என்று குறித்தார். நான்காவது துறையில் அவர் புதிதாகப் பயப்படவில்லை. காலையில் தெளிந்த மனம் சொன்னதை நடுப்பகலில் நிறைவேற்றினார். அருவிச் சத்தம் காதில் விழுந்த பிறகு யோசிக்கத் தொடங்கினால், யோசிப்பது நாமல்ல, நம் ஆசை. எவரெஸ்ட் சிகரம் ஏறுகிறவர்களுக்கும் இப்படியொரு நேரக்கணக்கு உண்டு. 1996ஆம் ஆண்டு மே 10ஆம் தேதி, பிற்பகல் 2 மணிக்குப் பிறகு உச்சியை நோக்கி ஏறுவதில்லை என்று பேசி வைத்திருந்தும், உச்சி கண்ணுக்குத் தெரிகிறதென்று அந்த நேரத்தைத் தாண்டிப் பலர் ஏறினார்கள். மாலையில் புயல் வந்தது. அந்த ஒரு புயலில் எட்டுப் பேர் மாண்டனர். மாண்டவர்களில் கைதேர்ந்த வழிகாட்டிகளும் இருந்தார்கள். அன்றைக்கு, நேரம் போதாதென்று உச்சிக்குச் சற்றுக் கீழிருந்தே திரும்பிய சிலர் உயிரோடு இறங்கினார்கள். பெரும்பணம் செலவிட்டு, வாரக்கணக்கில் பாடுபட்டு அங்கே வந்திருந்தவர்கள் அவர்கள்.

இனி ஒரு விஷயம். திரும்பச் சொல்கிறவருக்கு ஒரு துர்ப்பாக்கியம் உண்டு. அவர் சொன்னதைக் கேட்டுத் திரும்பினால், வரவிருந்த ஆபத்து வந்ததா இல்லையா என்பதற்குச் சாட்சியே இருக்காது. வெள்ளம் வந்திருந்தால் அவரைக் கொண்டாடியிருப்போம். வராததால் ஏளனம் செய்கிறோம். இரவில் கடையைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போகிறோம். விடிந்து வந்து பார்த்து, திருடன் வரவில்லையே, பூட்டு வீண் என்று யாராவது சொல்வதுண்டா? பூட்டுக்குக் கொடுக்கும் மரியாதையை மனிதருக்கும் கொடுக்கலாகாதா? சரியானதைச் செய்தும் ஏச்சுக் கேட்க நேருமென்று தெரிந்தே, பதின்மூன்று பேரின் முகங்கள் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டே, திரும்பு என்று சொல்ல ஒருவருக்கு நெஞ்சுரம் வேண்டும். மேலே போவதற்குக் கால் பலம் போதும்.

தேத்தண்ணிக் கடையில் பிள்ளைகள் முணுமுணுத்தபோது நானா வாதாடவில்லை. “நல்ல வெயில் அடித்ததே, அல்ஹம்துலில்லாஹ். மேலே போயிருந்த பிள்ளைகளும் சுகமாய் இறங்கினார்களே” என்று மட்டும் சொன்னார். தம்முடைய எச்சரிக்கை பலிக்க வேண்டுமென்று அவர் விரும்பவில்லை. தம் சொல் மெய்யாவதற்காக அந்த வாலிபர்களை ஆறு கொண்டுபோக வேண்டுமென்று நினைக்கிற மனம் அவருக்கு இல்லை. அந்த வெயில் தம் பெயரைக் கெடுத்தது தெரிந்தும், அதற்காக அவர் மகிழ்ந்தார். நல்ல எண்ணத்தோடு எச்சரிக்கிறவருக்கும், வெறும் வாயாடிக்கும் உள்ள வித்தியாசம் இதுவென்று நாம் கண்டுகொண்டோம்.

ஆகவே சகோதரர்களே, நம் பிள்ளைகள் மலைக்குப் போகட்டும், நாமும் போவோம். போகுமுன் அந்த இடம் திறந்திருக்கிறதா என்று உரிய அலுவலகத்தில் விசாரிப்போம். வானிலைத் துறையின் எச்சரிக்கையைக் கைபேசியில் பார்ப்போம். விடியலிலேயே புறப்படுவோம். வழிநடத்த ஒருவரை முன்னதாகவே ஏற்படுத்தி, திரும்பும் மணியையும் திரும்ப வேண்டிய அடையாளங்களையும் எல்லார் காதிலும் விழும்படி சொல்லச் செய்வோம். அவர் திரும்பு என்றால் ஆற்றங்கரையில் நின்று வாதாடாமல் திரும்புவோம். வாதம் வீட்டுக்கு வந்து வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்த பிறகு, மழை பெய்யவில்லையே என்று அவரைக் குறை சொல்லும் வழக்கத்தை விட்டுவிடுவோம். அப்படிக் குறை சொன்னால் அடுத்த தடவை அவர் வாயைத் திறக்கத் தயங்குவார். அந்தத் தயக்கம் எந்த ஞாயிற்றுக்கிழமை யாருடைய வீட்டில் துக்கமாக முடியும் என்று நம்மால் சொல்ல முடியாது.

அருவியைக் காட்டியவருக்கு நன்றி சொல்ல நமக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அருவியைக் காட்டாமல் பிள்ளைகளை வீட்டு வாசலில் கொண்டுவந்து சேர்த்தவருக்கும், அடுத்த தடவை தேத்தண்ணிக் கடையில் பார்க்கும்போது, ஒரு கோப்பைத் தேத்தண்ணி நம் கணக்கில் எழுதச் சொல்வோமாக!

வஸ்ஸலாம்.